மிஷினுக்குக் கட்டிய பட்டுச்சேலை

எங்கள் ஊர்ச் சந்தையில் காலி அட்டைப்பெட்டி விற்றவள் நான். டிவி வந்த பெட்டி, மிக்சி வந்த பெட்டி, பிரிட்ஜ் வந்த ஆளுயரப் பெட்டி எல்லாவற்றையும் சேலத்துக் கடைகளின் பின்பக்கம் பொறுக்கிக்கொண்டு வந்து, வெங்காயக் கடைக்கும் கருவாட்டுக் கடைக்கும் நடுவில் பரப்பினேன். மேலே ஒரு பலகை: ‘உள்ளே ஒன்றும் இல்லை. வாசலில் வைத்தால் கௌரவம் உண்டு.’ படிப்பவர்கள் கொஞ்சம் வெட்கப்படுவார்கள் என்று நினைத்தேன். ஒருத்தரும் வெட்கப்படவில்லை. கோழிக்குஞ்சு அடைக்க ஆகும், விறகை மழைக்கு மூட ஆகும் என்று மத்தியானத்துக்குள் அத்தனையையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த சந்தைக்கு ஒருவர் தேடிக்கொண்டு வந்து, “ஏனுங்கம்மிணி, அந்தப் பிரிட்ஜுப் பொட்டி இன்னொண்ணு கெடைக்குமுங்களா? வெள்ளாடு குட்டி போட்டிருக்குதுங்க” என்றார்.

இதே மாதிரிப் பெட்டிகளைச் சென்னையில் ஒரு கண்காட்சியில் அடுக்கியபோது, வந்தவர்கள் மோவாயைத் தடவிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்கள். நுகர்வு வெறி மீதான எள்ளல் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கென்னவோ அந்த வெள்ளாட்டுக்காரர்தான் என் ஆள் என்று பட்டது.

நான் ஓவியம் படித்தவள். நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன். வயிற்றுப்பாட்டுக்குப் பள்ளிக்கூடச் சுவரில் படம் போடுவேன், கல்யாணப் பத்திரிகையும் பேனரும் வடிவமைத்துக் கொடுப்பேன். மிச்ச நேரத்தில் இந்த மாதிரிக் கோணங்கி வேலை. எனக்குக் கோபம் மூக்குமேல் நிற்கும். கோபம் வந்தால் கத்துவேன். கத்தியும் ஒன்றும் நடக்காவிட்டால் எதையாவது செய்து நடுரோட்டில் கொண்டுபோய் வைப்பேன். ‘அவ ஒரு மாதிரி’ என்று சொந்தத்தில் எனக்குப் பேர். நான் அதை மறுத்ததே இல்லை.

போன வருஷம் என் அக்கா மகள் பெரிய மனுஷியானாள். ஒன்பதாம் வகுப்புக்குப் போக இருந்த கோடை லீவில் அது நடந்தது. ஓமலூர்ப் பக்கத்தில் அக்கா வீடு. அப்போதைக்கு வீட்டோடு தலைக்கு ஊற்றி முடித்துவிட்டார்கள். ஊரை அழைத்துச் செய்யும் தெரட்டிச் சீரை ஆவணியில், மண்டபம் பிடித்து, மேடை போட்டு, சோறு போட்டுச் செய்வதாக ஏற்பாடு.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என் வீட்டுக்கு வந்திருந்தாள். துணி காயப்போட ஒத்தாசை செய்கிற சாக்கில் மொட்டைமாடிக்கு என் பின்னாலேயே வந்தாள்.

“சித்தி, மண்டபம், மேடை, சீலை எல்லாம் பண்ணிக்கட்டும். சொன்ன எடத்துல நான் உக்காந்துக்கறேன். அந்தப் பேனர்ல மட்டும் எம் மூஞ்சி வேண்டாம்னு சொல்லுங்க.”

“ஏன் சாமி?”

“பஸ் ஸ்டாப்ல வெக்கறாங்களாம். எங்க ஸ்கூல் பஸ் அங்கதான் நிக்கும். பசங்க அத்தன பேரும் பாப்பாங்க. அதுல என்ன எழுதியிருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாமல் என்ன? ‘பூப்புனித நீராட்டு விழா’ என்று தங்க நிற எழுத்தில், நடுவில் பெண்ணின் முகம் வண்டிச்சக்கரம் அளவுக்கு. சுற்றிலும் சின்னச் சின்ன வட்டங்களில் பங்காளி, மாமன், மச்சான் என்று எல்லாருடைய தலையும். ஒரு பெண்ணின் உடம்பில் நடந்த சங்கதியை டீக்கடைக்கும் டயர் கடைக்கும் நடுவில் கட்டித் தொங்கவிடுவது. கேட்டால் பாசம் என்பார்கள்.

“அப்பாகிட்டச் சொன்னியா?”

“சொன்னேன். ஒத்தப் புள்ளையப் பெத்து வெச்சிருக்கறேன், ஊரு பாக்க வேண்டாமாங்கறார். அம்மாகிட்டச் சொன்னா அழுவறாங்க.” அவள் அழவில்லை. துணிக் கிளிப்பை அழுத்தி அழுத்தித் திறந்துகொண்டே இருந்தாள். “நீங்கதான் யாருக்கும் பயப்பட மாட்டீங்களே சித்தி.”

அந்தச் சொல் எனக்கு உறைத்தது. “உம் மூஞ்சி அங்க வராது சாமி. நானாச்சு” என்றேன். சொல்லிவிட்டேனே ஒழிய எப்படி என்று அப்போது ஒரு யோசனையும் இல்லை.

முதலில் ஒழுங்கான வழியிலேயே போனேன். அக்கா வீட்டுக்குப் போய் நேருக்கு நேர் கேட்டேன். அக்கா அப்போது சேலைக் கடைப் பைகளைக் கட்டில்மேல் கொட்டி வைத்து, எது யாருக்கு என்று பிரித்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் புள்ளைக்குப் புடிக்கலைங்கறா. பேனர் ஒண்ணுதான? உட்டுத்தொலையேன்.”

“ஏம்புள்ள, உனக்கு இதெல்லாம் கூத்து. எனக்கு அப்படியில்ல” என்றாள். “நான் பெரிய மனுசியானப்ப என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா? நீ சின்னவ. அப்பன் போயி ஒரு வருசங்கூட ஆகல. ஊட்டுக்குப் பின்னால பொடக்காலியில ஒரு ஓலையச் சாத்தி உக்கார வெச்சாங்க. பக்கத்தூட்டு அத்த ஒரு பழைய பாவாட கொண்டாந்து குடுத்தாங்க. அவ்வளவுதான். சொந்தம்னு ஒரு ஒறம்பரை எட்டிப் பாக்கல. எனக்கு யாரு பேனர் வெச்சா? எனக்கு யாரு மேளம் அடிச்சா? எம் புள்ளைக்காச்சும் ஊரே பாக்கற மாதிரி செய்யோணும்.”

என் அக்காவோடு சண்டை போடலாம். பொடக்காலியில் பழைய பாவாடையோடு உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்னப் பெண்ணோடு எப்படிச் சண்டை போடுவது? ஆனால் அவளுக்குக் கிடைக்காததை இவள் தலையில் கட்டுவது மட்டும் என்ன நியாயம் என்று உள்ளே கொதித்தது. “உனக்கு வேணும்னா உம் போட்டோவ வெய்யி. அவளுத எதுக்கு?” என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். வழக்கம்போலக் கத்தினேன், வழக்கம்போல ஒன்றும் நடக்கவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கிறார். பாதி நாள் வண்டியோடு வெளி மாநிலத்தில்தான் கிடப்பார். தங்கமான மனுஷர், ஆனால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதுதான் அவருக்கு வேதம். அந்த வாரமே அவர் எனக்குப் போன் செய்தார்.

“அம்மிணி, பேனர் வேலைய நீயே பாத்துரு. ஊட்லயே ஆர்ட்டிஸ்டு இருக்கறப்ப வெளியில எதுக்கு? எங்காளுங்க போட்டோ எல்லாம் வாட்சப்புல அனுப்பறேன். ஒருத்தர் உட்டுப்போனாலும் சண்டைக்கு வந்துருவாங்க. சாக்கிரதையாப் பண்ணு.”

“பொண்ணு போட்டோ, மாமா?”

“அது உங்கிட்டயே இருக்குமே, நல்லதா ஒண்ணு போட்டுக்க. எங்காளுங்க வட்டம்தான் முக்கியம். அத மட்டும் முன்னாடியே எனக்குக் காட்டிரு.”

போனை வைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது. பெண்ணின் முகம் எப்படி வந்தாலும் பரவாயில்லை, அவருடைய பெரியப்பாவின் முகம் வட்டத்துக்குள் சரியாக விழ வேண்டும். அப்படியானால் நடுவில் எது இருந்தால் என்ன? ஊர் எதைப் பார்க்க ஆசைப்படுகிறதோ அதையே நடுவில் வைத்துவிட்டால்?

என் வீட்டுப் பின்கட்டில் ஒரு வாஷிங் மிஷின் இருந்தது. நான் ஒன்றும் துறவி இல்லை. முந்தின வருஷத்து ஆடித் தள்ளுபடியில் எல்லாரையும்போல வரிசையில் நின்று, முண்டியடித்து வாங்கியதுதான். அதைத் துடைத்துக் கூடத்துக்கு நகர்த்தினேன். அம்மாவின் அரக்குப் பட்டுச்சேலையை எடுத்து அதற்குக் கட்டப் பார்த்தேன். இடுப்பில்லாத சாமானுக்குச் சேலை நிற்குமா? வழுக்கி வழுக்கி விழுந்தது. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவர் கோழிப்பண்ணையில் முட்டை அடுக்குகிறவர். வந்து பார்த்துவிட்டு, எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

“ஏனுங்க, இப்படியா கட்டறது? கொசுவத்த முன்னால உடுங்க. மேல சோப்புத்தூள் போடற எடத்துல முந்தானையச் சொருகினா நிக்கும்” என்று அவரே நாலு ஊக்கைக் குத்திக் கச்சிதமாகக் கட்டிவிட்டார். நெற்றிச்சுட்டி வைத்தோம். கதம்பமும் மல்லிகையும் சூட்டினோம். ரோஜா மாலை போட்டோம். மிஷினின் வட்டக் கண்ணாடிக் கதவு முகம் மாதிரியே இருந்தது. அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு அந்த அக்கா கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்.

“லட்சணமா இருக்குதுங்க” என்றார். “ஆனா இவ்வளவும் பண்ணிப்போட்டு ஆலாத்தி எடுக்காம உடக்கூடாதுங்க. கண்ணு பட்டுப்போகும். அப்பறம் தண்ணி ஒழுகுதுன்னு மெக்கானிக்கத் தேடோணும்.”

தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, சூடம் ஏற்றி, மிஷினுக்கு மூன்று சுற்று ஆலாத்தி எடுத்தார். நான் படம் எடுத்தேன். கை நடுங்கச் சிரித்ததில் முதலில் எடுத்தவை எல்லாம் கலங்கிப்போயின.

பேனர் அச்சடிக்கிற ஃபிளக்ஸ் கடைக்காரர் என்னை நன்றாகத் தெரிந்தவர். கணினித் திரையில் படத்தைப் பார்த்தார். மேலே ‘பூப்புனித நீராட்டு விழா’ என்ற எழுத்து இல்லை. ‘எங்கள் இல்ல விழா, அனைவரும் வருக’ என்று மட்டும் போட்டிருந்தேன். நடுவில் பட்டுச்சேலையில் மிஷின். சுற்றிலும் முப்பது நாற்பது வட்டங்களில் மச்சான்மார் மீசையை முறுக்கிக்கொண்டு.

“அக்கா, பொண்ணு போட்டோ எங்கீங்க?”

“இதுதான் பொண்ணு.”

“அடிச்சர்றேனுங்க. போன மாசம் ஒரு ரிக் வண்டிக்குப் பொறந்தநாள் பேனரு போட்டமுங்க. கேக்கெல்லாம் வெட்டுனாங்க” என்றார்.

மாமா கேட்டபடி வட்டங்களை மட்டும் வெட்டி அவருக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: பெரியப்பா முகம் சின்னதாக இருக்கிறது, பெரிசாக்கு. பெரிசாக்கினேன்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது காலையில் பஸ் ஸ்டாப்பில் பேனரைக் கட்டினார்கள். நான் முதல் பஸ்ஸிலேயே ஓமலூர்ப் பக்கம் கிளம்பிவிட்டேன். செய்துவிட்டு ஓடி ஒளிகிற பழக்கம் எனக்கில்லை, திட்டு விழுந்தால் நேரில் வாங்கிக்கொள்வேன். போய் இறங்கும்போதே மாமா பேனருக்குக் கீழே நின்றிருந்தார். அவர் முந்தின நாள்தான் வண்டியிலிருந்து வந்திருந்தார். முகம் செவசெவ என்றிருந்தது. கையில் கயிறு அறுக்கிற கத்தி.

“எம் பொண்ணு எங்க?” என்றார். “இது என்ன கருமாந்தரம்? ஊரே சிரிக்கோணும்னு பண்ணினயா?”

“உங்க பொண்ணு ஊட்ல இருக்கறா, மாமா. அவ மூஞ்சி இங்க வேண்டாம்னு உங்ககிட்டயே சொன்னாளே, நீங்க கேட்டீங்களா? நல்லதா ஒண்ணு போட்டுக்கன்னீங்க. போட்டேன்.”

“உங்கூத்தெல்லாம் சந்தையோட வெச்சுக்க!” என்று கத்தியைக் கயிற்றில் வைத்தார். அந்தக் கயிறு அறுந்தால் மத்தியானத்துக்குள் வேறு பேனர் வரும், அதில் அவள் முகம் இருக்கும். “அறுக்காதீங்க” என்று கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்தார்கள்.

அந்த நேரத்துக்குத்தான் மாமாவின் பெரியப்பா மொபெட்டில் வந்து நின்றார். முதலில் தன் வட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு நடுவில் இருந்ததைப் பார்த்தார்.

“பரவால்லயே சாமி!” என்றார். “மிஷினு சீர் வருதா? அம்மாக்காரிக்குக் கூடப் பொறந்தவன் இல்லாத ஊடு, மாமன் சீரு ஒண்ணும் பெருசா வராதுன்னுல்ல பேசிக்கிட்டாங்க. மச்சினிச்சி மிஷினே கொண்டாராளா? அதயும் முன்கூட்டியே பேனர்ல போட்டுட்டீங்க. நம்ம பக்கத்துல இந்த மாதிரி யாரும் பண்ணலியே!”

டீக்கடையிலிருந்து ஒருவர், “ஆமாங்க, நானும் அதத்தான் பேசிக்கிட்டிருந்தேன். முன்னால கதவு வெச்ச மிஷினுங்க. அது வெல சாஸ்தி” என்றார்.

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. நான் இந்த ஊரைக் கேலி செய்ய ஒரு படம் போட்டேன். ஊர் அதைச் சீர் அறிவிப்பாகப் படித்துவிட்டது. மாலையும் சேலையும் போட்டு ஒரு சாமானை நடுவில் வைத்தால், யாரோ அதைக் கொடுக்கப் போகிறார்கள் என்றுதான் எங்கள் ஆட்களுக்குத் தோன்றும், வேறு எதுவும் தோன்றாது. மாமாவின் போன் அடித்தது. எடுத்து, “ஆமாங்க... ஆமாங்க, மிஷினுதானுங்க... மச்சினிச்சிதானுங்க” என்றார். கத்தி இருந்த கை தானாகக் கீழே இறங்கியது. வைத்ததும் இன்னொரு அழைப்பு. அதற்கும் அதே பதில், இந்த முறை குரலில் கொஞ்சம் மிடுக்கு.

பெரியப்பா போனபிறகு அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நெசமா மிஷினு குடுக்கறயா?”

இனி இறக்கினால் மிஷின் இல்லை என்று ஊருக்குச் சொல்ல வேண்டிவரும். அவரால் அது முடியாது. அவர் அகப்பட்டுக்கொண்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“குடுக்கறேன் மாமா. எங்கூட்டு மிஷினே வரும். ஆனா விழா முடியற வரைக்கும் இந்தப் பேனரு இப்படியே நிக்கோணும். வேற எங்கயும் அவ போட்டோ வரக்கூடாது.”

“செரி” என்றார். கத்தியை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அக்காதான் விடவில்லை. வீட்டுக்குப் போனபோது கதவருகிலேயே நிறுத்தினாள். “எம் புள்ளைய எடுத்துப்போட்டு ஒரு டப்பாவ வெச்சிருக்கற. நல்லா இரு” என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. என் அக்கா திட்டினால் எனக்கு உறைக்காது. அவள் பேசாமல் இருந்தது தாங்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். ஆனாலும் பேனரை இறக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, வரவும் விடவில்லை.

சாயங்காலம் அக்கா மகள் போன் செய்தாள். “சித்தி, ஸ்கூல் பஸ்ல யாரும் ஒண்ணும் சொல்லல. உங்க ஊட்ல புது மிஷினான்னு ஒருத்தன் கேட்டான். ஆமான்னேன்” என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்து மிஷின் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

விழாவன்று மிஷினுக்குப் பழையபடி சேலை கட்டி, குட்டியானை வண்டியில் ஏற்றி, பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்கு வைத்துக்கொண்டு கொண்டுபோனேன். மண்டபத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே மேளக்காரர்கள் எதிர்கொண்டு வந்தார்கள். நாலு பேர் மிஷினைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். பின்னால் பழத்தட்டு, சேலைத் தட்டு, வளையல் தட்டு. நான் குடையில்லாத ராஜா மாதிரி நடந்தேன். வாசலில் மறுபடி ஆலாத்தி. மேடைக்கு இந்தப் பக்கம், எல்லாரும் பார்க்கிற இடத்தில் அதை வைத்தார்கள்.

பிறகு நடந்ததை நான் திட்டம் போட்டிருந்தாலும் அப்படி அமைந்திருக்காது. சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் நேராக மிஷினிடம் போனார்கள். கதவைத் திறந்து பார்த்தார்கள், எத்தனை கிலோ துணி பிடிக்கும் என்று கேட்டார்கள், பக்கத்தில் நின்று போன் நீட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு அம்மா அதன் நெற்றிச்சுட்டியைச் சரிசெய்துவிட்டுத் திருஷ்டி கழித்தார். மேடையில் சிம்மாசனம் மாதிரியான நாற்காலியில் அக்கா மகள் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் இரண்டு சிநேகிதிகளைக் கையசைத்துக் கூப்பிட்டு, ஒட்டியாணத்தைக் கழற்றி ஒருத்தி மடியில் போட்டுவிட்டு, மூவருமாக எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா தூணோரம் நின்று அந்தக் கூட்டத்தையும் பார்த்தாள், மகளையும் பார்த்தாள். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் மூச்சு விட்ட நேரத்தில் மாமா மைக்கை எடுத்தார். வந்தவர்களுக்கு எல்லாம் நன்றி சொன்னார். சொல்லிவிட்டு, போட்டோகிராபரைக் கூப்பிட்டார்.

“நன்றிப் பேனருக்குப் பொண்ண மட்டும் பெருசா ஒண்ணு எடுங்க. நாளைக்கே பஸ் ஸ்டாப்ல வெச்சரோணும். ஒரு மாசம் நிக்கட்டும்.” என்னைப் பார்த்துச் சிரித்தார். “இது உன்ர கைக்கு வராது அம்மிணி. வெளியில குடுத்துட்டேன். விழா முடியற வரைக்கும்னுதான பேச்சு?”

விழா முடிந்த பிறகு நன்றி என்று ஒரு பேனர் வைப்பார்களே, அதை நான் எப்படி மறந்தேன்? நானே எத்தனையோ வடிவமைத்திருக்கிறேன். இனி என்னிடம் ஒரு கோணங்கியும் மிச்சமில்லை. கொடுக்க இன்னொரு மிஷினும் இல்லை. மாமா சொன்னதில் தப்பு சொல்லவும் முடியாது. கத்தலாம், ஆனால் கத்தி என்ன ஆகப்போகிறது? நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

அதற்குள் அக்கா மகள் மேடையிலிருந்து இறங்கி வந்துவிட்டாள். கனத்த சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராக அப்பாவிடம் போய், “குடுங்கப்பா” என்று மைக்கை வாங்கினாள். அவர் ஏதோ நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்துக் கொடுத்தார்.

“எல்லாருக்கும் வணக்கமுங்க” என்றாள். “நன்றிப் பேனர்ல எம் போட்டோ வேண்டாங்க. என்னப் பாக்கோணும்னு வந்தவங்க எல்லாரும் பாத்துட்டீங்க. சோறு உண்டுட்டீங்க, ஆசீர்வாதம் பண்ணிட்டீங்க. வராதவங்க என்ன எதுக்குங்க பாக்கோணும்?”

அவ்வளவுதான். மைக்கை அப்பா கையில் திருப்பிக் கொடுத்தாள். அழவில்லை, ஓடவில்லை, அங்கேயே நின்றாள். இத்தனை நாள் நான் பெட்டியும் சேலையும் மாலையும் வைத்துச் சுற்றிச் சுற்றிச் சொல்லப் பார்த்ததை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

மாமா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். பெரியப்பா தரையைப் பார்த்தார். மாமாவின் கண் கடைசியில் அக்காவிடம் போய் நின்றது. அக்கா தூணை விட்டு நகர்ந்து வந்தாள். மகளின் முகத்தில் வழிந்திருந்த குங்குமத்தை முந்தானையால் துடைத்தாள். தோளைப் பிடித்து நேராக நிறுத்திவிட்டுப் போட்டோகிராபர் பக்கம் திரும்பினாள்.

“நீங்க எடுங்க தம்பி” என்றாள். “பெருசாவே எடுங்க. ஆனா அந்தப் போட்டோவ எங்கிட்டக் குடுத்துருங்க. ஊட்டுக்குள்ள மாட்டிக்கறேன்.”